மலைநாட்டில் வாடும் செண்பகத்தை மீட்பது எப்படி?

செண்பகம் நலிவதை முதலில் உச்சிதான் காட்டிக்கொடுக்கும். மேல் கிளைகளில் இலை சிறுத்து வெளிறும். பிறகு உதிரும். கொஞ்ச நாளில் வெறும் குச்சிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். இதைக் கண்டதும் ஒருவர் தேயிலைக்கு வந்த பசளையில் இரண்டு கை அள்ளி அடியில் போடுவார். இன்னொருவர் கத்தியை எடுத்துக் கிளைகளைக் கழிப்பார். மரத்தின் மேல் உள்ள அக்கறையால்தான் இருவரும் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் நலிந்த மரத்தை விரைவாகக் கொல்ல இதைவிட நல்ல வழி இல்லை. உச்சி காய்வதற்கான காரணம் பெரும்பாலும் அடியில், ஒரு முழ ஆழத்துக்குள் கிடக்கிறது. அங்கிருந்து தொடங்குவதுதான் இந்த வழிகாட்டியின் முறை.

கோவில் முற்றத்திலும் லயத்து வாசலிலும் பள்ளிக்கூட மைதான ஓரத்திலும் அதிகம் காணப்படும் பூமரம் என்பதால் செண்பகத்தை வைத்து எழுதுகிறேன். கமேலியா, மந்தாரை, கொன்றை, ஜகரண்டா ஆகியவற்றுக்கும் வரிசை இதேதான். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

கத்தியை ஏன் முதலில் எடுக்கக்கூடாது

தேயிலையில் கவ்வாத்து வெட்டிப் பழகியவர்களுக்கு ஒரு கேள்வி எழும். தேயிலைச் செடியை இலையே இல்லாமல் வெட்டிவிட்டாலும் சில வாரங்களில் தளிர்க்கிறதே, செண்பகம் ஏன் தளிர்க்காது? தளிர்ப்பதற்கு வேண்டிய உணவு தேயிலையின் வேரில் மாச்சத்தாகச் சேர்ந்திருக்கிறது. கவ்வாத்துக்கு முன் பென்சில் பருமனுள்ள வேரை வெட்டி அயோடின் கரைசலில் நனைத்துப் பார்க்கும் வழக்கம் இதற்காகவே உண்டானது. வெட்டுமுகம் கருநீலமாக மாறினால் இருப்பு போதும். மாறாவிட்டால் செடிக்கு ஓய்வு கொடுத்துவிட்டுத்தான் வெட்டவேண்டும்.

நலிந்த செண்பகத்தின் வேரில் அந்த இருப்பு ஏறக்குறையத் தீர்ந்திருக்கும். மிஞ்சியிருக்கும் கொஞ்சப் பச்சை இலைகளே அதற்குச் சோறு போடுகின்றன. அவற்றையும் வெட்டினால் வேர் பட்டினி கிடக்கும். போதாததற்கு, செண்பகத்தின் பெரிய வெட்டுக்காயங்கள் மெதுவாகவே மூடும். மலைநாட்டு ஈரத்தில் அதற்குள் அழுகல் நுழைந்துவிடும்.

முதல் வேலை: உயிர் எதுவரை இருக்கிறது?

நுனிக் குச்சி ஒன்றை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். பட்டைக்குக் கீழே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் உண்டு. பழுப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் ஒரு முழம் கீழே வந்து மறுபடி சுரண்டுங்கள். பச்சை தொடங்கும் இடத்தில் ஒரு நூலைக் கட்டிவையுங்கள். மூன்று நான்கு கிளைகளில் இப்படிச் செய்தால் காய்தல் எதுவரை இறங்கியிருக்கிறது என்பது தெரியும். அடுத்த மாதங்களில் அது நின்றுவிட்டதா, இன்னும் இறங்குகிறதா என்பதற்கும் அந்த நூல்தான் சாட்சி.

ஜகரண்டாவும் கொன்றையும் வறட்சியில் இலையுதிர்ப்பது அவற்றின் இயல்பு. செண்பகம் என்றும் பச்சை மரம். அது மொட்டையாக நின்றால் காரணத்தைத் தேடத்தான் வேண்டும்.

இரண்டாவது: இலையைப் படியுங்கள்

புது இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் மரத்துக்கு இரும்புச் சத்து எட்டவில்லை. நமது மண்ணில் இரும்புக்குக் குறைவில்லை. மண்ணின் புளிப்புத் தன்மை போய்விட்டால் வேரால் அதை எடுக்க முடியாது. தேயிலை நன்றாக வளரும் நிலம் பிஎச் 4.5 முதல் 5.5 வரை உள்ள புளிப்பு மண். கமேலியா தேயிலையின் நெருங்கிய உறவு என்பதால் அதற்கும் அதுவே பிடிக்கும். செண்பகம் சற்றுத் தளர்வானது, ஆனாலும் புளிப்பின் பக்கமே சாயும். அப்படிப்பட்ட மண்ணைக் கெடுப்பவை இரண்டு: விறகடுப்புச் சாம்பலும் சீமெந்தும். தினமும் அடுப்புச் சாம்பலை ஒரே மரத்தடியில் கொட்டுவது பல வீடுகளில் வழக்கம். கொத்தன் கலவைச் சட்டியைக் கழுவிய நீரும் அங்கேதான் போகும். சாம்பலை இன்றே நிறுத்துங்கள். கொட்டிக் கிடப்பதை வழித்தெடுத்து மரக்கறிப் பாத்தியில் மெல்லியதாகத் தூவிவிடலாம்.

முதிர்ந்த இலைகள் சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. இலையோரம் கருகினால் வறட்சி, காற்று, அல்லது பசளை மிகுதி. மரத்தின் ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் அந்தப் பக்கத்து வேர் அறுபட்டிருக்கிறது: குழாய் பதிக்க வெட்டினார்களா, வீட்டுக்காக மேட்டைச் செதுக்கினார்களா என்று விசாரியுங்கள். மரம் முழுவதும் சில நாட்களில் தொங்கி, இலைகள் உதிராமல் அப்படியே காய்ந்தால் வேர் நோயாக இருக்கலாம். அதற்குத் தனியாக வருகிறேன்.

தண்டில் படரும் பாசியையும் சாம்பல் நிறப் படலங்களையும் சுரண்டவேண்டாம். அவை மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. இலை உதிர்ந்து வெளிச்சம் விழுவதால் காய்ந்த கிளையில் அவை கூடுதலாக வளர்கின்றன. இவைதான் கிளையைக் கொன்றன என்று நினைத்துக் கம்பித் தூரிகையால் பட்டையைத் தேய்ப்பவர்கள் மரத்துக்குப் புதிய காயங்களைத்தான் தருகிறார்கள். புல்லுருவி வேறு சாதி. மரத்துக்குள் வேர் இறக்கி நீரைக் குடிக்கும். அது ஒட்டிய இடத்திலிருந்து ஓர் அடி கீழே வைத்துக் கிளையோடு வெட்டுங்கள். தண்டிலேயே ஒட்டியிருந்தால் அதன் தழையை முளைக்க முளைக்க ஒடித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

மூன்றாவது: அடிமரத்தைத் திறந்து பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

பேராதனை அல்லது ஹக்கல தாவரவியல் பூங்காவுக்குப் போகும்போது பூக்களைப் பார்த்த பிறகு பழைய மரங்களின் அடியையும் பாருங்கள். தண்டு நேராக மண்ணுக்குள் இறங்காது. தரையை நெருங்கும்போது அகன்று, வேர்களாகப் பிரிந்து பரவும். அந்த அகன்ற பகுதிதான் மரத்தின் கழுத்து. அதற்குக் காற்று வேண்டும். உங்கள் செண்பகம் கம்பம் நட்டதுபோல நேராக மண்ணுக்குள் போனால் அதன் கழுத்து புதைந்திருக்கிறது என்று பொருள்.

மலைச்சரிவில் இது தானாகவே நடக்கும். ஒவ்வொரு மழைக்கும் மேட்டுப்பக்க மண் அரித்து வந்து தண்டில் ஒதுங்கும். பள்ளப்பக்கத்திலோ மண் கரைந்து வேர் வெளியே தெரியும். வீடு கட்ட மேட்டை வெட்டி, அந்த மண்ணைக் கீழே கொட்டியிருந்தால் மரம் இன்னும் ஆழமாகப் புதைந்துபோயிருக்கும். உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் மண்ணின் ஓர் அடி, ஒன்றரை அடிக்குள்தான் இருக்கும். அவற்றின் மேல் களிமண்ணைக் கொட்டினால் மூச்சடைத்துப்போகும்.

செய்யும் முறை:

1. தண்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு மண்ணைக் கையாலும் சிறு கரண்டியாலும் மூங்கில் குச்சியாலும் நீக்குங்கள். மண்வெட்டி வேண்டாம். செண்பகத்தின் வேர் சதைப்பற்றானது, எளிதில் முறியும்.

2. முதல் பெரிய வேர் பக்கவாட்டில் பிரியும் இடம் தெரிந்ததும் நிறுத்துங்கள். வழியில் தண்டிலிருந்து முளைத்த மயிர் போன்ற வேர்களை வெட்டிவிடலாம். புதைந்த தண்டு தப்பிப் பிழைக்க விட்ட வேர்கள் அவை.

3. தண்டைச் சுற்றி வளைந்து இறுக்கும் வேர் இருக்கிறதா என்று பாருங்கள். பொலித்தீன் பையில் நெடுங்காலம் வளர்ந்த கன்றுகளில் இது அதிகம். பெருவிரல் பருமனுக்கு உட்பட்டதானால் கூரான உளியால் துண்டித்துவிடுங்கள். பருத்த வேர்கள் பல இருந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டாமல், ஒன்றை இந்த ஆண்டும் மற்றதை அடுத்த ஆண்டும் வெட்டுங்கள். தண்டோடு பதிந்துபோனதைப் பிடுங்கவேண்டாம்.

4. உடுப்புக் காயப்போடும் கம்பி, மாட்டுக்கயிறு, விளம்பரத் தட்டி கட்டிய நைலோன் எல்லாவற்றையும் அறுத்து எடுங்கள். பட்டைக்குள் புதைந்துவிட்ட கம்பியின் வெளியே தெரியும் பகுதியை மட்டும் வெட்டினால் போதும்.

5. மேட்டுப்பக்கம் தோண்டிய குழி மழைநீர் தேங்கும் கிண்ணமாகிவிடக்கூடாது. பக்கவாட்டில் நீர் வடிய ஒரு சிறு வாய்க்கால் விடுங்கள். மேலே ஓரடி தள்ளி ஒரு வரிசைக் கல் அடுக்கினால் மண் மறுபடி வந்து ஒதுங்காது.

6. பள்ளப்பக்கத்தில் வெளியே தெரியும் வேர்களை மக்கிய இலையாலும் மண்ணாலும் இரண்டு மூன்று அங்குலம் மூடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அது கரையாமல் இருக்கக் கிளை விரிவின் எல்லையில் தாழ்ந்த கல்கட்டு ஒன்று வையுங்கள்.

கயிறு விஷயத்தைச் சின்னதாக நினைக்கவேண்டாம். இலை சமைக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. தோட்டங்களில் நிழல் மரத்தை அகற்றும் முன் பட்டையை வளையமாக உரித்துவிடுவார்கள். வேரில் உள்ள மாச்சத்து தீர்ந்து, நோய்க் காளானுக்கு உணவில்லாமல் போகவேண்டும் என்பதற்காக. இறுகிய கம்பி உங்கள் செண்பகத்துக்கு அதையேதான் மெதுவாகச் செய்கிறது.

கோவில் மரங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். பக்தியோடு மரத்தைச் சுற்றிச் சீமெந்து மேடை கட்டி, தண்டுவரை பூசிவிடுகிறோம். மழை உள்ளே இறங்காது, காற்றும் போகாது, சுண்ணாம்புத் தன்மை மட்டும் மண்ணில் கசியும். பரிபாலன சபையாரிடம் பேசித் தண்டைச் சுற்றி மூன்றடியாவது சீமெந்தை உடைத்தெடுக்கச் சொல்லுங்கள். மேடையின் வெளிச்சுவர் அப்படியே இருக்கலாம். உள்ளே நிரப்பிய மண்ணைக் கழுத்துவரை நீக்கி, இடைவெளி விட்டுக் கல் பரப்பினால் விளக்கேற்றவும் இடம் கிடைக்கும், மரமும் மூச்சுவிடும். பாட்டன் பாட்டி காலத்தில் நட்ட மரத்துக்காக இந்தப் பேச்சைத் தொடங்க யாரும் தயங்கக்கூடாது.

நான்காவது: நீர் நிற்கிறதா, ஓடிவிடுகிறதா?

வேர் அழுகினாலும் இலை வாடும், வறண்டாலும் வாடும். வாட்டத்தைக் கண்டு உடனே வாளியைத் தூக்காதீர்கள். கிளை விரிவின் எல்லைக்கு வெளியே ஓரடி ஆழம், ஓரடி அகலம் குழி வெட்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் வடிகால் பரவாயில்லை. மறுநாளும் நீர் நின்றாலோ, குழி மண் சாம்பல் நீலமாக இருந்து கெட்ட முட்டை நாற்றம் அடித்தாலோ வேர் மூழ்கிக் கிடக்கிறது.

கினிகத்தேனை, வட்டவளை, நோர்வூட் பக்கங்களில் தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஓயாது. அங்கே மருந்து கான், அதாவது வடிகால், வெட்டுவதுதான். மரத்துக்கு மேட்டுப்பக்கம், கிளை விரிவுக்கு வெளியே, சரிவுக்குக் குறுக்காக ஒன்றரை அடி ஆழக் கான் வெட்டி, நீரைப் பக்கத்துப் பெரிய கானில் சேருங்கள். கான் கிளை விரிவுக்குள் நுழைந்தால் வேரை அறுத்துவிடும். மரம் சாய்ந்து, மேலே நிலத்தில் வெடிப்பும் தெரிந்தால் தோண்டுவதை நிறுத்துங்கள். அங்கே கவலைப்படவேண்டியது மண்சரிவைப் பற்றித்தான். கிராம உத்தியோகத்தருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள்.

பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை பக்கம் கதையே வேறு. மேற்குச் சரிவு நனையும் அதே மாதங்களில் ஊவாவில் வறண்ட காற்று அடிக்கும். அந்தக் காலத்தில் வளர்ந்த மரத்துக்கும் வாரம் ஒருமுறை, பத்து நாளுக்கு ஒருமுறையாவது ஆழமாக நீர் வேண்டும். தண்டில் ஊற்றவேண்டாம். கிளை விரிவின் எல்லையை ஒட்டி மெல்ல ஊறவிடுங்கள். ஓர் இரும்புக் கம்பியை அழுத்திப் பாருங்கள்: முக்கால் அடிவரை எளிதாக இறங்கினால் போதிய ஈரம் உண்டு.

ஐந்தாவது: இறுகிய மண்ணைத் தளர்த்தி மூடாக்கு இடுங்கள்

பிள்ளைகள் விளையாடும், முச்சக்கரவண்டி நிறுத்தும் இடத்து மண் கல்லாகியிருக்கும். அலவாங்கால் ஓரடி ஆழத் துளைகளைப் போடுங்கள். தண்டிலிருந்து கிளை நுனிவரை உள்ள தூரத்தில் பாதியைத் தாண்டிய பிறகு தொடங்கி, ஒன்றரை அடிக்கு ஒன்றாக வெளிநோக்கிப் போங்கள். பெரிய வேர் தட்டுப்பட்டால் கம்பியைத் தள்ளி வையுங்கள். துளைகளில் மக்கிய கூட்டெருவை நிரப்புங்கள். செங்குத்தான சரிவின் விளிம்பில் இதைச் செய்யவேண்டாம்.

அதன் மேல் இரண்டு மூன்று அங்குல மூடாக்கு. கோத்தமாலைப் புல், மானாப் புல், கிரவிலியா இலை, எது கிடைத்தாலும் சரி. விதை பிடித்த புல் மட்டும் வேண்டாம். பைன் ஊசிச் சருகு மண்ணைப் புளிக்கச் செய்யும் என்று சொல்வார்கள். அப்படிக் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் நிகழாது, ஆனால் மூடாக்காக அது நல்லதே. தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக இருக்கட்டும். கஷ்டப்பட்டுத் திறந்த கழுத்தைச் சருகால் மறுபடி புதைத்துவிடக்கூடாது.

ஆறாவது: இப்போது கத்தி

நகத்தால் சுரண்டிப் பார்த்து முழுதும் செத்தது என்று உறுதியான கிளைகளை மட்டும் வெட்டுங்கள். பாதி இலை உள்ள கிளை அசிங்கமாகத் தெரிந்தாலும் இருக்கட்டும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்றுத் தடித்த வளையம் இருக்கும். அதற்கு வெளியே வெட்டினால் காயம் மூடும். கனமான கிளையானால் வளையத்திலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்புறம் கால்வாசி வாளால் அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்து விழவிடுங்கள், பிறகு மிஞ்சிய கட்டையை வளையத்தருகே நீக்குங்கள். இல்லாவிட்டால் கிளை விழும்போது தண்டுப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். காயத்தில் தார், சாணி, பெயின்ட் எதுவும் வேண்டாம். அவை ஈரத்தை உள்ளே அடைக்கும்.

நுவரெலியாப் பக்கம் தை, மாசி மாதங்களில் பனி கொட்டிக் கருகிய தளிர்களை உடனே வெட்டாதீர்கள். எது செத்தது, எது பிழைத்தது என்பது புதுத் தளிர் வந்த பிறகே தெரியும். அந்த உயரத்தில் செண்பகத்தைவிடக் கமேலியா குளிரைத் தாங்கும்.

ஏழாவது: பசளை

புதுத் தளிர் வரும்வரை கூட்டெருவைத் தவிர எதுவும் வேண்டாம். தேயிலைப் பசளை தழைச்சத்து மிக்கது, கொழுந்துக்காகத் தயாரானது. அழுகிக்கொண்டிருக்கும் வேரில் அந்த உப்பு பட்டால் இன்னும் கருகும். அதற்குத் தப்பினாலும், மரம் இருப்பைச் செலவழித்துத் தளிர்விட்டுச் சோர்ந்துபோகும். மழைக்காலத் தொடக்கத்தில் ஓர் அங்குலக் கூட்டெருவைக் கிளை விரிவு முழுவதும் பரப்பி அதன் மேல் மூடாக்கு இட்டால் போதும். டொலமைட்டும் வேண்டாம். தேயிலை நிலத்தில் பல ஆண்டுப் பசளையால் மண் மிகப் புளித்துவிடுவதால் அதை இடுகிறார்கள். வாசல் மரத்துக்கு மண்ணைப் பரிசோதிக்காமல் இட்டால் சாம்பல் கொட்டிய கதைதான்.

இலையில் கரி பூசியதுபோலப் படிந்து, எறும்பும் ஏறி இறங்கினால் செதிற்பூச்சி இருக்கும். ஒரு லீற்றர் நீருக்கு ஒரு தேக்கரண்டி மென்மையான திரவச் சவர்க்காரம் கலந்து, வெயில் இல்லாத நேரத்தில் எட்டும் கிளைகளைத் துடையுங்கள். பூச்சி போனால் கரியும் போகும்.

வேர் நோய் என்றால்

பழைய தேயிலை மலையில் எழும்பிய வீடுகளில் இந்த ஐயம் எப்போதும் வேண்டும். வெட்டிய நிழல் மரத்தின் கட்டை மண்ணுக்குள் அழுகும்போது அதில் வளரும் காளான், வேர் வழியாக அடுத்த மரத்துக்குப் போகும். கழுத்தருகே வாடிய பட்டையைச் சிறிதாகச் சீவிப் பாருங்கள். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே வெள்ளைப் படலம், வேரில் சிவந்த இழைகள், அல்லது அடியில் கரிபோன்ற கறுத்த ஓடு: இவற்றில் ஒன்று தெரிந்தால் கமநல சேவை நிலையத்தில் காட்டுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் கேளுங்கள். சுற்றளவில் பாதிக்கு மேல் பட்டை செத்திருந்தால் மீட்பு இல்லை. பக்கத்து மரங்களுக்குப் பரவும் முன் வேரோடு அகற்றுவதே சரி. வீட்டின் மேலோ பாதையின் மேலோ சாயக்கூடிய மரமானால் காலம் தாழ்த்தவே வேண்டாம்.

எப்போது தொடங்குவது, எவ்வளவு காலம் பொறுப்பது

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாவில் பெப்ரவரியில் சோதித்து, மார்ச், ஏப்ரல் மாதங்களின் பின்னேர மழையில் கழுத்தைத் திறந்து, மே மாதத்துக்கு முன் கானை வெட்டி முடியுங்கள். ஊவாவில் செப்டெம்பர் கடைசியில் தொடங்குங்கள். ஒக்டோபர் மழையில் வேர் பிடிக்கும். கண்டி, மாத்தளைப் பக்கம் இரண்டு காலமும் பொருந்தும். சாம்பலை நிறுத்துவதற்கும் கம்பியை அறுப்பதற்கும் மட்டும் காலம் பார்க்கவேண்டியதில்லை.

முதல் ஆண்டு மேலே எதுவும் தெரியாமல் போகலாம். மரம் வேரைத்தான் முதலில் கட்டும். நூல் கட்டிய இடத்துக்குக் கீழே காய்தல் இறங்காமல் நின்றால் அதுவே நல்ல செய்தி. இரண்டாம் ஆண்டு இலை பெரிதாகும், தண்டிலும் கிளையிலும் புது முளைகள் தோன்றும். அவற்றைக் கிள்ளிவிடாதீர்கள். நலிந்த மரம் சில சமயம் அளவுக்கு மீறிப் பூத்துக் காய்க்கும். அது மரம் குணமாவதன் அடையாளம் இல்லை. எட்டும் காய்க்கொத்துகளைப் பிஞ்சிலேயே ஒடித்துவிடுங்கள். மூன்றாம் ஆண்டும் நூலைத் தாண்டிக் காய்தல் இறங்கினால் அந்த மரத்தை விட்டுவிடலாம்.

அப்படி அகற்ற நேர்ந்தால் அதே குழியில் புதுக்கன்று வைக்கவேண்டாம். பழைய வேர்களைத் தோண்டி எடுத்து எரித்துவிட்டு, பத்துப் பதினைந்து அடி தள்ளி இடம் பாருங்கள். பையின் ஆழத்துக்கு மேல் தோண்டாமல், அதைப்போல இரண்டு மூன்று மடங்கு அகலத்துக்குக் குழி எடுங்கள். பையைக் கிழித்து, சுருண்ட வேர்களை விரல்களால் பிரித்துவிட்டு, கழுத்து தரைக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கும்படி நடுங்கள். தாங்குக்குச்சியின் கட்டைச் சாக்குத் துண்டால் தளர்வாகப் போட்டு, ஓராண்டில் அவிழ்த்துவிடுங்கள்.